ஹோலைத் திரை போட்டுப் பிரிக்க யோசனை தேவை (கிளிநொச்சி, வாடகை வீடு)

கரடிப்போக்கு வாசி

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கிளிநொச்சியில் கரடிப்போக்குப் பக்கம் வாடகைக்கு இருக்கிறோம். ஒரு ஹோல், ஒரு அறை, குசினி. குளியலறை வெளியில். வீட்டில் ஐந்து பேர்: நான், கணவர், மாமி, மகள், மகன். மகள் இந்த வருசம் ஓ.எல். (சாதாரணதரப் பரீட்சை) எடுக்கிறாள், மகனுக்கு ஒன்பது வயது.

அறையில் நானும் கணவரும் மகனும் படுக்கிறோம். மாமியும் மகளும் ஹோலில். பகலில் ரீவி, சாப்பாடு, வருகிற ஆட்கள், மகளின் படிப்பு எல்லாம் அந்த ஹோலுக்குள்தான். பிள்ளை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்கும் விறாந்தைக்கும் அலைகிறாள். உடுப்பு மாற்றுவதற்குக்கூட யாராவது அறையை விட்டு வெளியே வரும்வரை நிற்கிறாள். பார்க்க மனம் பொறுக்கவில்லை.

வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆனால் சுவர் கட்டக்கூடாது, பலகை அடிக்கக்கூடாது, சுவரில் துளையும் போடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால் திரை ஒன்றுதான் வழி என்று நினைக்கிறேன்.

ஹோல் 14 அடி நீளம், 10 அடி அகலம். முன்வாசல் வடக்கில், குசினி வாசல் தெற்கில். இரண்டும் கிழக்குச் சுவர்ப் பக்கமாக இருக்கின்றன. அறைக்கதவும் ஒரு யன்னலும் கிழக்குச் சுவரில், கதவு பின்பாதியில். மேற்குச் சுவரில் ஒரு யன்னல், அது பின்பாதியில். கூரை சீற், சீலிங் இல்லை, மரங்கள் தெரியும். சுவர் உயரம் 9 அடி.

நடுவில் குறுக்கே 10 அடிக்கு ஒரு திரை போட்டால் போதுமா? எந்தத் துணி நல்லது? துளை போடாமல் எப்படித் தொங்கவிடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அறிவியல்நகர் மாணவன்

அக்கா, நாங்கள் கம்பஸுக்குப் பக்கத்தில் ஒரு அறையில் நான்கு பேர் இருக்கிறோம். கட்டில்களுக்கு நடுவில் நைலோன் கயிறு கட்டிப் பெட்சீற் போட்டிருக்கிறோம். பரீட்சைக் காலத்தில் ஒருவன் விடியவிடியப் படிப்பான், இன்னொருவன் நேரத்தோடு படுப்பான். வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் இருப்பதே பெரிய உதவி. செலவும் இல்லை. யன்னல் கம்பியிலிருந்து எதிர்ப்பக்க யன்னல் கம்பிக்குக் கட்டினால் துளையும் தேவையில்லை.

ஒன்று மட்டும் முதலே சொல்லிவிடுகிறேன்: சத்தம் நிற்காது. பக்கத்துக் கட்டிலில் போன் கதைத்தால் ஒவ்வொரு சொல்லும் கேட்கும்.

மரவேலை வவுனியா

தங்கச்சி, அளவுகளைத் தெளிவாகத் தந்தது நல்லது. அதை வைத்து ஒரு படம் கீறிப் பார்த்தேன்.

குறுக்கே 10 அடிக்குத் திரை போடாதீர்கள். உங்கள் வீட்டில் குசினிக்கும் அறைக்கும் போகிற வழி பின்பாதியில் இருக்கிறது. குறுக்கே மறைத்தால் தண்ணீர் குடிக்கப் போகிறவர்கூடப் பிள்ளையின் இடத்துக்குள்ளால்தான் போகவேண்டும். பிறகு அது பிள்ளையின் இடமாக இருக்காது, திரை போட்ட நடைபாதைதான்.

தென்மேற்கு மூலையை எடுங்கள். மேற்குச் சுவரோடு 7 அடி, அதிலிருந்து உள்ளே 6 அடி. ட வடிவில் இரண்டு பக்கம் திரை, மற்ற இரண்டு பக்கமும் சுவர். கிழக்குப் பக்கமாக 4 அடி வழி மிஞ்சும். முன்வாசலால் வந்து அறைக்கோ குசினிக்கோ போகிறவர் பிள்ளையின் பக்கம் திரும்பவே தேவையில்லை. மூலைக்குள் ஒரு ஒற்றைக் கட்டிலும் ஒரு சின்ன மேசையும் தாராளமாகப் போகும். யன்னலும் அவளுக்கே கிடைக்கும்.

தம்பி சொன்ன கயிறு, பெட்சீற்றைக் கொஞ்ச நாளைக்குத் தாங்கும். நிரந்தரமாகப் போடுகிற திரைக்குக் கயிறும் சரிவராது, கம்பியும் சரிவராது. இதை நான் எல்லோருக்கும் சொல்லுகிறேன், ஒருவரும் கேட்பதில்லை, அதனால் கணக்கோடு சொல்கிறேன். தைத்த திரை 3 கிலோ என்று வையுங்கள். அதை 10 அடிக் கம்பியில் போட்டு, நடுவில் ஒரு அங்குலம் மட்டும் தொய்யுமளவுக்கு இறுக்கினால், ஒவ்வொரு முனையிலும் ஏறக்குறைய 45 கிலோ இழுப்பு விழும். பொருள் 3 கிலோதான், கொக்கி தாங்கவேண்டியது ஒரு ஆளின் பாரம். சீமெந்துக் கல்லுச் சுவரில் றோல் பிளக் (துளைக்குள் ஆணியை இறுக்கிப் பிடிக்கிற பிளாஸ்ரிக் குழல்) போட்ட கொக்கி இப்படித்தான் பூச்சோடு கழன்று வருகிறது. யன்னல் கம்பியில் கட்டினால் யன்னல் நிலை ஆடத் தொடங்கும். இழுப்பைக் குறைக்க வேண்டுமென்றால் கம்பியைத் தொய்ய விடவேண்டும். தொய்ந்தால் திரை நடுவில் நிலத்தில் இழுபடும், ஓரங்களில் தூக்கும்.

பைப் அப்படியல்ல. பாரத்தை நேரே கீழ்நோக்கி மட்டும் தரும். முக்கால் அங்குல ஜி.ஐ. பைப் (நாகம் பூசின இரும்புக் குழாய்) 20 அடி நீளத்தில் வரும். உங்களுக்கு 7 அடியும் 6 அடியும், ஆக ஒன்று வாங்கினால் போதும். கடையிலேயே வெட்டித் தருவார்கள். சுவரைத் தொடாமல் கூரை மரத்திலிருந்து தொங்கவிடலாம். உங்கள் வீட்டில் தீராந்தி, அதாவது சுவருக்குச் சுவர் போகிற பெரிய மரம், எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

முக்கியமான விசயம்: சீற் கூரை என்கிறீர்கள். அது அஸ்பெஸ்ரஸாக இருந்தால் சீற்றில் துளை போடுவதோ அரிவதோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. மரத்தில் மட்டும் கை வையுங்கள்.

முள்ளியவளை தையல்

மரவேலை அண்ணா சொன்ன மூலைத்திட்டம்தான் சரி. துணிக் கணக்கை நான் சொல்கிறேன்.

திரையின் நீளம் 7 உம் 6 உம் சேர்த்து 13 அடி. துணியை அதே 13 அடிக்கு எடுத்தால் இழுத்து மூடும்போது தட்டையாக நிற்கும், ஓரங்களில் இடைவெளி தெரியும். மடிப்பு விழுந்தால்தான் மறைக்கும். வீட்டு அலங்காரத்துக்குத் தைப்பவர்கள் இரண்டு மடங்கு வைப்பார்கள். உங்களுக்கு ஒன்றரை மடங்கு போதும். அதாவது கிட்டத்தட்ட 20 அடி அகலம். 60 அங்குல அகலத் துணி என்றால் நான்கு துண்டு. திரையின் உயரம் 7 அடி, மேல் மடிப்பு, கீழ் மடிப்பு, சுருக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒவ்வொரு துண்டும் 8 அடி வெட்டவேண்டும். நான்கு எட்டு 32 அடி. 10 மீற்றர் வாங்குங்கள்.

கொட்டன் துணிதான் எங்கள் வெக்கைக்கு நல்லது. ஆனால் வாங்கின உடனே வெட்டவேண்டாம். ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, அயன் பண்ணிவிட்டு வெட்டுங்கள். கொட்டன் முதல் தோய்ப்பில் சுருங்கும். தைத்தபிறகு சுருங்கினால் திரை கணுக்கால் உயரத்துக்கு ஏறிவிடும், அதை இறக்க வழியில்லை. கீழ் மடிப்பை நான்கு அங்குலம் வைத்துத் தைத்தால் பாரத்தில் துணி நேராக விழும், காற்றுக்குப் பறக்காது.

வளையம் வைத்த திரை என்றால் ஒரு துண்டுக்கு வளையங்கள் இரட்டைப்படையில் இருக்கவேண்டும், எட்டு அல்லது பத்து. ஒற்றைப்படையில் அடித்தால் ஒரு ஓரம் சுவர்ப் பக்கமாகவும் மற்ற ஓரம் வெளிப்பக்கமாகவும் திரும்பி நிற்கும். சில தையல் கடைகளில் கவனிக்காமல் அடித்துவிடுவார்கள், நீங்களே எண்ணிக் கொடுங்கள்.

விசுவமடு ஐயா

பிள்ளைகளே, எல்லோரும் நல்ல நோக்கத்தோடு சொல்கிறீர்கள். நான் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்லப்போகிறேன், குறை நினைக்கவேண்டாம்.

நாங்கள் 2009 இல், யுத்தம் முடிந்த நேரம், இடம்பெயர்ந்தவர்களுக்கான செட்டிகுளம் முகாமில் ஒரே கூடாரத்தில் மூன்று குடும்பம் இருந்தோம். இரண்டு தடிக்கு நடுவில் மனுசியின் சேலை. அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை, இந்தப் பக்கம் என் தகப்பனார், கடைசிக்காலம். அவர் இருமுவதைக் கேட்டு அந்தப் பிள்ளை அழும், பிள்ளை அழுவதைக் கேட்டு இவர் இருமலை அடக்குவார். முகாமை 2012 செப்டெம்பரில் மூடினார்கள். அதற்கு முதலே நாங்கள் ஊருக்கு வந்துவிட்டோம். வந்து முதலில் தறப்பாள் கொட்டில், பிறகு தகரக் கொட்டில், அதற்குப் பிறகுதான் கல்வீடு. கல்வீட்டுக்குள் வந்த அன்றைக்கு மனுசி சொன்ன ஒரே கதை, இனி இந்த வீட்டில் சேலை கட்டி மறைக்கக்கூடாது என்பதுதான். இன்றுவரை எங்கள் வீட்டில் வாசலுக்குக்கூடத் திரை இல்லை, கதவுதான்.

உங்கள் மாமிக்கும் இப்படி ஏதும் இருக்கலாம். அவவிடம் கேட்டீர்களா? முடிந்தால் வீட்டுக்காரரிடம் இன்னொருமுறை கதைத்து, கழற்றக்கூடிய பலகை மறைப்பு ஒன்று போடுங்கள். போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

மல்லாவி ரீச்சர்

ஐயா சொன்னதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் இது எல்லா வீட்டிலும் இருக்கிற கதை. மாமியிடம் கேட்காமல் ஹோலில் ஒன்றும் செய்யவேண்டாம் என்பதை நானும் சொல்கிறேன். அவ படுக்கிற இடமும் அதுதானே.

ஆனால் பிள்ளையின் பக்கமும் இருக்கிறது, ஐயா. நான் ஓ.எல். வகுப்புப் படிப்பிக்கிறேன். வீட்டில் படிக்க ஒரு இடம் உள்ள பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் கொப்பியிலேயே தெரியும். இடம் இல்லாத பிள்ளை ஒவ்வொரு நாளும் புத்தகத்தை விரித்து, எடுத்துவைத்து, திரும்ப விரித்து, அதிலேயே களைத்துவிடுகிறது. ஒரு கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய், வந்து அதே பக்கத்தில் தொடர முடியவேண்டும். அதற்குச் சுவர் தேவையில்லை. மற்றவர்கள் கை வைக்காத ஒரு மேசை தேவை. இந்தத் திரை செய்யப்போகிற முதல் வேலை அதுதான்.

பலகை மறைப்பைப் பற்றி: 6 அடிக்கு 7 அடி மூலையைப் பலகையால் அடைத்தால் காற்று எங்கே போகும்? சித்திரை, வைகாசியில் அதற்குள் ஒரு பிள்ளை இருந்து படிக்க முடியாது. திரையைப் பகலில் ஒதுக்கிவிடலாம், ஹோல் பழையபடி பெரிதாகிவிடும். ஆட்கள் கூடுகிற நாளில் முழுவதும் திறந்துவிடலாம். பலகையில் அது நடக்காது.

சத்தத்துக்குத் திரையை நம்பவேண்டாம், தம்பி சொன்னது உண்மை. துணி எதிரொலியைக் கொஞ்சம் உறிஞ்சும், மறுபக்கம் போகிற சத்தத்தை நிறுத்தாது. சத்தத்தை நிறுத்துவது பாரமான பொருள், அதாவது கல்லும் மண்ணும். ஆகவே ரீவியைத் திரையிலிருந்து ஆகத் தூரமான வடக்குச் சுவர்ப் பக்கத்துக்கு மாற்றுங்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து படிப்பு நேரம் ஒன்றை வையுங்கள், மாலை ஆறரை முதல் ஒன்பது என்றாவது. நாடகம் பார்க்கிறவர்களுக்கும் அது தெரிந்திருக்கவேண்டும்.

துணுக்காய் தம்பி

நாங்கள் இந்திய வீட்டுத்திட்ட வீட்டில் இருக்கிறோம். ஐந்தரை இலட்சம் ரூபா தந்து, 550 சதுர அடிக் கணக்கில் கட்டின வீடு. கட்டும்போது அம்மா, அப்பா, நாங்கள் மூன்று சின்னப் பிள்ளைகள். இப்போது அண்ணா கலியாணம் செய்து குழந்தையும் இருக்கிறது. வீடு அதே வீடு. திட்டம் வந்த காலத்தில் பெரிய வீடாக இருந்தது, பிள்ளைகள் வளர்ந்தபிறகு எல்லா வீட்டிலும் இதே நெருக்கடிதான். எங்கள் ஒழுங்கையில் நான் அறிய அரைவாசி வீட்டில் ஹோலில் ஏதோ ஒரு மறைப்பு இருக்கிறது.

நாங்கள் செய்தது: அலுமாரியைச் சுவரோடு வைக்காமல் ஹோலுக்குக் குறுக்கே நிறுத்தி, அதன் முதுகுப் பக்கம் ஹோலைப் பார்க்கிறமாதிரி வைத்தோம். மிச்ச இடத்துக்குத் திரை. அலுமாரிக்குள் உடுப்பு நிறைந்திருப்பதால் சத்தமும் கொஞ்சம் குறைகிறது, திரையின் நீளமும் குறைகிறது. அக்காவின் 6 அடிப் பக்கத்தில் ஒரு 3 அடி அலுமாரி நிறுத்தினால் அந்தப் பக்கம் பாதித் திரைதான் தேவை. ஆனால் மெல்லிய அலுமாரி என்றால் சின்னவன் இழுத்து விழுத்தாமல் ஒரு கயிற்றால் மேலே மரத்தோடு கட்டிவிடுங்கள்.

மாங்குளம் நேர்ஸ்

நான் இரவுக் கடமை முடித்து வந்து பகலில் படுக்கிறவள். இருட்டுக்காகக் கறுப்புப் பொலியெஸ்டர் திரை போட்டுத்தான் படுக்கிறேன், அதனால் அதன் நன்மை தீமை இரண்டும் தெரியும். இருட்டு நன்றாக வரும். காற்றுத் துளியும் வராது. உங்கள் மகளுக்கு அந்தத் துணி வேண்டாம், தையல் அக்கா சொன்ன கொட்டன்தான் நல்லது.

யாரும் இன்னும் நெருப்பைப் பற்றிச் சொல்லவில்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் நின்றபோது எல்லா வீட்டிலும் மெழுகுதிரியும் குப்பிவிளக்கும் எரிந்தது நினைவிருக்கும். பிள்ளை திரைக்குள் மெழுகுதிரியில் படிக்கக்கூடாது. நுளம்புச் சுருளைத் திரைக்குக் கீழே வைக்கவே கூடாது, காற்றுக்குத் துணி வந்து அதன்மேல் படும். கொட்டன் வேகமாகச் சுவாலை விட்டு எரியும். பொலியெஸ்டர் உருகிச் சொட்டும், சொட்டினது தோலில் ஒட்டிப்பிடிக்கும், அந்தக் காயம் ஆழமானது. இரண்டுமே ஆபத்துத்தான். சார்ஜ் பண்ணுகிற எல்.ஈ.டி. விளக்கு ஒன்று வாங்கி அவளின் மேசையில் வைத்துவிடுங்கள். சுருளுக்குப் பதிலாக நுளம்பு வலை.

இன்னொன்று. டெங்கு நுளம்பு வீட்டுக்குள் தொங்கும் துணிகளிலும் இருண்ட மடிப்புகளிலும் போய் இருக்கும். மழைக்காலத்தில் காலையும் மாலையும் திரையை ஒருமுறை நன்றாக உதறுங்கள். கிறவல் வீதிக்குப் பக்கத்து வீடென்றால் தூசியும் கூடவே சேரும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை தோய்க்கக்கூடிய பாரத்தில் துணி இருந்தால் நல்லது. அதற்காகவும் நான்கு துண்டாக இருப்பது வசதி.

கரடிப்போக்கு வாசி

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக வரும் என்று நினைக்கவில்லை.

ஐயா சொன்னதை வாசித்தபிறகு மாமியிடம் இருந்து கதைத்தேன். அவவுக்குத் திரையில் பயமில்லை, ஆனால் திரைக்கு உள்பக்கம் தான் படுக்கமாட்டேன் என்கிறா. இரவில் கண் விழித்தால் முன்வாசல் தெரியவேண்டுமாம். பூட்டியிருக்கிறதா என்று பார்க்காவிட்டால் திரும்ப நித்திரை வராதாம். இத்தனை வருசம் அவவின் பாய் ஏன் எப்போதும் அந்த இடத்திலேயே விரிகிறது என்று இப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆகவே அவவின் பாய் ஹோலின் முன்பாதியில், வாசலைப் பார்த்தபடி. மூலை மகளுக்கு மட்டும்.

அதோடு, புதுத்துணி எதற்கு, என்னுடைய கொட்டன் சேலைகள் பெட்டிக்குள் கிடக்கின்றன, அவற்றை எடு என்று மாமியே சொன்னா. மகள் பச்சை நிறத்தில் இரண்டைத் தெரிவுசெய்து வைத்திருக்கிறாள். தையல் அக்கா, சேலையில் தைக்கலாமா? எத்தனை வேண்டும்?

மரவேலை அண்ணா, தீராந்தி கிழக்கு மேற்காக ஓடுகிறது, இரண்டு இருக்கிறது. ஒன்று நீங்கள் சொன்ன 6 அடித் திரைக்குச் சரியாக மேலே வருகிறது, மற்றது தெற்குச் சுவரிலிருந்து ஏறக்குறைய இரண்டடி தள்ளி.

முள்ளியவளை தையல்

சேலையில் தாராளமாகத் தைக்கலாம் தங்கச்சி. கொட்டன் சேலை பலமுறை தோய்த்ததாக இருக்கும், இனிச் சுருங்காது, அது ஒரு இலாபம்.

சேலை ஐந்தரை மீற்றர், அதாவது 18 அடி. நடுவில் வெட்டினால் 9 அடியில் இரண்டு துண்டு. அகலம் கிட்டத்தட்ட 46 அங்குலம். உங்களுக்கு 20 அடி அகலம் தேவை, ஆகவே ஐந்து துண்டு, மூன்று சேலை. ஒரு துண்டு மிஞ்சும், அதை யன்னலுக்குப் போடுங்கள். 9 அடியில் 7 அடி போக மிச்சத்தை வெட்டி எறியவேண்டாம். மேலேயும் கீழேயும் அகலமான இரட்டை மடிப்பாக மடித்துத் தையுங்கள், பாரமாக விழும். தலைப்புப் பகுதி கனமாக இருக்கும், அதைக் கீழ்ப்பக்கம் வரவிடுங்கள்.

வெட்டுவதற்கு முதல் ஒவ்வொரு சேலையையும் யன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மடிப்பிடத்தில் நூல் இற்றிருந்தால் வெளிச்சத்தில் தெரியும். அப்படி இருந்தால் அந்தச் சேலையை விடுங்கள், தொங்கவிட்ட பாரத்தில் கிழியும்.

சேலை மெல்லியது என்பதால் ஒரு விசயம் யோசிக்கவேண்டும். இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் உள்ளே நிற்கிறவரின் நிழல் ஹோலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பிள்ளை உடுப்பு மாற்றுகிற இடம், ஆகவே இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். ஹோலைப் பார்த்த இரண்டு பக்கத்துக்கும் உள்ளே மலிவான இருண்ட கொட்டனில் லைனிங் வைத்துத் தையுங்கள்.

அறிவியல்நகர் மாணவன்

நிழலுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. நிழல் விழுவது விளக்குக்கும் திரைக்கும் நடுவில் ஆள் நிற்கும்போதுதான். விளக்கை மேற்குச் சுவரில் வைத்தால் பிள்ளையின் நிழல் நேரே திரையில் விழும். அதையே திரைப் பக்கமாக வைத்து, சுவரைப் பார்த்துத் திருப்பிவிட்டால் ஆளின் நிழல் சுவரில் விழும், திரையில் விழாது. எல்.ஈ.டி. என்றால் சூடு பெரிதாக இல்லை, ஆனாலும் துணியில் முட்டாமல் ஒரு அடி தள்ளி வையுங்கள்.

மல்லாவி ரீச்சர்

தம்பியின் யோசனை நல்லது, ஆனால் அதோடு லைனிங்கும் வையுங்கள். விளக்கை யாராவது இடம் மாற்றிவிடுவார்கள். துணி மாறாது.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும், இது எனக்குப் பெரிய விசயம். திரைக்குப் பூட்டில்லை, தட்டுவதற்கும் ஒன்றுமில்லை. ஆகவே வீட்டில் எல்லோரும் வெளியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவள் சரி என்றபிறகுதான் விலக்கவேண்டும். தம்பிக்காரனுக்கு மட்டும் சொன்னால் போதாது. நீங்களும் கணவரும் அப்படிச் செய்யவேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளை பெரியவர்கள் செய்வதைப் பார்த்துத்தான் செய்யும். நீங்கள் தோய்த்த உடுப்பை வைக்கப் போகும்போது சும்மா விலக்கிக்கொண்டு போனால், அவனும் போவான். பிறகு அவனை ஏசுவதில் நியாயமில்லை.

விசுவமடு ஐயா

மாமி சொன்னதை எழுதியதற்கு நன்றி பிள்ளை. வாசல் தெரியவேண்டும் என்பது எனக்கும் விளங்குகிறது. தன்னுடைய சேலையைத் தானே எடுத்துத் தந்திருக்கிறா என்றால் அது வேறு கதை. அதற்கு மேல் நான் பலகையைப் பற்றிக் கதைக்கவில்லை.

காற்றைப் பற்றி மட்டும் ஒன்று. உங்கள் மூலை தென்மேற்கு. சோளகம் (தென்மேற்குக் காற்று) அந்த யன்னலால்தான் நேரே வரும், வைகாசி தொடங்கிப் புரட்டாதிவரை பிள்ளைக்குக் காற்றுக்குக் குறைவில்லை. அந்தக் காற்று ஹோலுக்கும் வரவேண்டுமென்றால் திரைக்கு மேலே ஒன்றரை அடியாவது திறந்திருக்கட்டும். பின்னேர வெயிலும் அந்த யன்னலால்தான் வரும். வெளியில் ஒரு கிடுகுத் தட்டியைச் சாய்த்துக் கட்டினால் வெயில் நிற்கும், காற்று வரும். வீட்டுக்காரரும் அதற்கு ஒன்றும் சொல்லமாட்டார்.

மாங்குளம் நேர்ஸ்

தட்டி நல்ல யோசனை ஐயா. மேலே தொங்கும் ஃபான் இருந்தால் அதன் தகடு திரைப் பைப்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். கிட்ட இருந்தால் திரை உயர்ந்து மாட்டும். மூலைக்குள் ஒரு சின்ன மேசை ஃபான் போதும்.

கரடிப்போக்கு வாசி

ஃபான் முன்பாதியில்தான், தூரம். மாமியின் சேலைகளைப் பார்த்தேன், ஒன்று இற்றிருக்கிறது, மற்றவை நல்லாக இருக்கின்றன, மூன்று தேறும். திரையின் இரண்டு பக்கத்துக்கும் லைனிங் வாங்கப்போகிறேன். துணுக்காய் தம்பி சொன்ன அலுமாரியை இப்போதைக்கு விடுகிறேன், வழி ஒடுங்கிவிடும் போல இருக்கிறது.

மரவேலை அண்ணா, மூலையில் இரண்டு பைப்பும் சேருகிற இடத்தை எப்படிச் செய்வது? தொங்கவிடும்போது ஆடாதா?

மரவேலை வவுனியா

தீராந்தி இரண்டும் நல்ல இடத்தில் இருக்கின்றன, வேலை சுலபம்.

இரண்டு பைப்பையும் மூலையில் ஒரு எல்போ (வளைந்த இணைப்பு) போட்டுச் சேருங்கள். அதனால் ட வடிவம் ஒரே சட்டமாகிவிடும், ஆட்டம் பெருமளவு குறையும். வளையங்கள் எல்போவைத் தாண்டிப் போகாது, ஆகவே 7 அடிப் பக்கத்துக்கு மூன்று துண்டு, 6 அடிப் பக்கத்துக்கு இரண்டு துண்டு என்று தனித்தனியாகப் போடுங்கள். வளையங்களைப் பைப்பில் கோர்த்தபிறகுதான் எல்போவை முறுக்கவேண்டும். பைப்பின் வெட்டு முனையில் மரை போட்டுத் தரச்சொல்லிக் கடையில் கேளுங்கள்.

பைப் நிலத்திலிருந்து ஏழேகால் அடியில் வரட்டும். சுவர் 9 அடி, ஆகவே ஐயா கேட்ட ஒன்றரை அடி மேலே தாராளமாக இருக்கும். 6 அடிப் பைப்பை மேலே உள்ள தீராந்தியிலிருந்து இரண்டு இடத்தில் தொங்கவிடுங்கள், ஒன்று எல்போவுக்குக் கிட்ட. 7 அடிப் பைப்பின் மறுமுனைப் பக்கத்தை இரண்டாவது தீராந்தியிலிருந்து. ஒவ்வொரு இடத்திலும் கயிற்றை ஒற்றையாக நேரே விடாமல், மேலே ஒரு அடி அகலத்தில் இரண்டு புள்ளியில் கட்டிக் கீழே ஒன்றாகச் சேருங்கள். அப்படிக் கட்டினால் திரையை இழுக்கும்போது பைப் பக்கவாட்டில் போகாது. கயிறு மெல்லியதாக வேண்டாம், 6 மில்லிமீற்றர் நைலோன்.

சுவரைத் தொடுகிற இரண்டு முனைக்கும் கதிரைக் காலுக்குப் போடுகிற றப்பர் மூடியைப் போட்டுவிடுங்கள். சுவரில் கீறல் விழாது, வீட்டுக்காரருக்கும் காட்டலாம். சுவரோரம் திரை விலகி இடைவெளி தெரிந்தால், முனைக்குக் கிட்டவுள்ள வளையத்தைப் பைப்போடு ஒரு நூலால் கட்டிவிடுங்கள்.

ஏறிக் கட்டும்போது ஏணியைத் தீராந்தியில் சாயுங்கள், சீற்றில் சாயவேண்டாம். கயிறு கட்டின மறுநாள் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், நைலோன் முதல் பாரத்தில் கொஞ்சம் நீளும்.